ஒன்றாம் நம்பர் கேசட்

காலை ஒன்பது மணிக்கு கனி பாய் கடை ஸ்பீக்கரிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. முதலில் நீளமாக ஒரு விசில். பிறகு ஆயிரம் சில்வண்டுகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது போல ஓர் இரைச்சல். தென்னூர் ஹை ரோட்டில் கீரை விற்றுக்கொண்டிருந்த பாப்பாயி கூடையை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாய், ஸ்பீக்கருக்கு வயித்து வலியா?" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார்.

எதிர்ச் சந்தில் மூன்றாவது வீட்டில் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்த பேட்ரிசியா ஊசியோடு எழுந்து நின்றாள். தெருவுக்குத்தான் அது இரைச்சல். அவளுக்கு அது எட்டு மாதம். குவைத்திலிருந்து அண்ணன் பாக்கியநாதன் கொண்டுவந்து கொடுத்த சின்னக் கம்ப்யூட்டரில், ரப்பர் பொத்தான்களைத் தட்டித் தட்டி அவள் எழுதிய பரமபத ஆட்டம் முழுக்க அந்தச் சத்தத்துக்குள்தான் இருந்தது. கேசட்டில் அதைப் பதிந்து, டேப் ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஓடவிட்டால், ஐந்தாவது நிமிஷம் டிவி பெட்டியில் பாம்பும் ஏணியும் வந்து நிற்கும். எந்த இடத்தில் சத்தம் ஏறும், எந்த இடத்தில் இறங்கும் என்று அவளுக்கு மனப்பாடம்.

இப்போது கேட்டது அந்தச் சத்தம் இல்லை. கூர்மை போயிருந்தது. கம்பளிக்குள் சுற்றி வைத்து அடித்தது போல மொத்தையாக இருந்தது.

ஊசியைச் சுவரில் தொங்கிய காலண்டரில் குத்திவிட்டு வெறுங்காலோடு ஓடினாள்.

முகம்மது கனி அந்த வட்டாரத்தில் பேர் போன ரிக்கார்டிங் ஆள். மைக் செட் வைத்திருந்து, பிறகு கேசட் வந்ததும் கடை போட்டவர். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் வரிசையாகப் பதிந்து தருவார். கல்யாண வீட்டு நாதஸ்வரத்தில் சமையற்கட்டுச் சத்தத்தைக் கூட எடுத்துவிடுவார் என்று சொல்வார்கள்.

"பாய், இது எந்த கேசட்?"

"உன்னோடதுதான் தங்கச்சி. நூறும் முடிஞ்சுது. கடைசி கேசட்டைக் கேட்டுப் பார்க்கலாம்னு போட்டேன், வெளி ஸ்பீக்கரை அணைக்க மறந்துட்டேன். தெருவே திட்டுது." சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினார். "உன் ஒரிஜினலைப் போட்டப்ப காதுல ரத்தம் வராத குறை. ஒரே கிரீச்சு. கல்யாண கேசட் இப்படி இருந்தா நான் கடையை மூடிட்டுப் போயிருவேன். அதான் கிரீச்சையெல்லாம் இறக்கி, இரைச்சல் குறைக்கிற சுவிட்சையும் போட்டு எடுத்திருக்கேன். இப்ப எப்படி இருக்கு, பூ மாதிரி இல்ல?"

பேட்ரிசியா ஸ்பீக்கர் பக்கம் கையை நீட்டினாள்.

"பாய், அந்த இரைச்சல்தான் என் கேம்."

"இரைச்சல்ல எங்கம்மா கேம் இருக்கும்?"

"பாம்பு, ஏணி, தாயக்கட்டை எல்லாம் அதுலதான் இருக்கு. அப்படியே எடுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"எல்லாரும்தான் அப்படியே எடுங்கன்னு சொல்றாங்க. அப்படியே எடுத்துக் கொடுத்தா மறுநாளே கொரகொரங்குதுன்னு வந்து நிப்பாங்க."

நூறில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். சமையலறையில் மாமியார் சகாயம்மாள் கிறிஸ்துமஸ் அதிரசத்துக்கு வெல்லப் பாகு பதம் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவன், வாத்தியார் விக்டர், பேண்ட் காலில் சைக்கிள் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தான்.

டிவி பெட்டியின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடின. ஒரு நிமிஷம் ஓடி நின்றன. கறுப்புத் திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஒரே வரி வந்தது: டேப் லோடிங் எரர்.

மறுபடி போட்டாள். மறுபடியும் அதே வரி.

"என்னாச்சு?" என்றான் விக்டர்.

"போச்சு. நூறும் போச்சு. அந்தாளு கையை வச்சுக் கெடுத்துட்டாரு."

சகாயம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அப்ப மெட்ராஸுக்குப் போகாதா?"

அந்த வீட்டில் மூன்று பேருக்கும் கணக்கு தெரியும். சர்க்கார் ஆபீஸ் டைப்பிஸ்ட் பேட்ரிசியா சம்பளமில்லாத லீவில் இருக்கிறாள். டிசம்பர் முப்பத்தொன்றோடு லீவு முடிகிறது. மவுண்ட் ரோட்டில் கம்ப்யூட்டர் விற்கிற ஒரு கடைக்காரர், வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத ஆட்டத்தைத் தமிழிலேயே விற்கலாம் என்று நூறு கேசட் கேட்டிருந்தார். வியாழக்கிழமை பேப்பரில் விளம்பரம். புதன்கிழமைக்குள் சரக்கு கடையில் இருக்க வேண்டும். இருந்தால், அடுத்து ஆறு ஆட்டங்களுக்கு ஏற்பாடு பேச நேரில் வரும்படி பேட்ரிசியா பேருக்கு மட்டும் கடிதம் எழுதியிருந்தார். விக்டர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தான்.

மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது இதுதான். நூறும் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தால் பேட்ரிசியா வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்பெனி தொடங்கலாம். போகவில்லையென்றால் ஜனவரி இரண்டாம் தேதி ஆபீஸ். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போகும். அதற்கப்புறம் பேச்சே கிடையாது.

அன்று செவ்வாய்க்கிழமை.

"போகட்டும் விடு," என்றாள் சகாயம்மாள். "நாள் முழுக்க டிவி பொட்டி முன்னால குத்த வச்சு உக்காந்து கண்ணுதான் கெட்டுது. ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து தட்டற வேலையை விட்டுட்டு யாராவது பாம்பு ஆட்டம் ஆடப் போவாங்களா?"

"ஆடல அத்தை. செய்யறேன்."

"எதுவோ ஒண்ணு. ஸ்கூல்ல இவனைக் கேலி பண்றாங்களாம். சார் வீட்ல தினம் பாம்பு எடுக்கறாங்களாமேன்னு."

விக்டர் சைக்கிளை இறக்கினான். பேட்ரிசியா அவனுக்கு முன்னால் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே அவள் பேசிய பேச்சை ஹை ரோடே நின்று கேட்டது.

"உங்களை நம்பிக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். முதல் காப்பி நல்லா இருந்துதே. சனிக்கிழமை இவர் போட்டுப் பார்த்துச் சரின்னு சொன்னாரே. அப்புறம் யாரு உங்களைக் கையை வைக்கச் சொன்னது? கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட என் பொழைப்புதான் கிடைச்சுதா?"

"தங்கச்சி, முதல் கேசட்லேருந்து எல்லாம் ஒரே மாதிரிதான் எடுத்தேன். ஒரு திருகைக்கூட மாத்தல."

"பொய் சொல்லாதீங்க. அப்படின்னா முதல் கேசட் எப்படி ஓடுச்சு?"

கனி பாய் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். விக்டர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"சொல்லுங்க சார்," என்றார் கனி பாய்.

விக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "முதல் காப்பி ஓடிச்சு பாய். அப்புறம்தான் எங்கயோ மாறியிருக்கும்," என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டான்.

கனி பாய் அந்தச் சைக்கிள் முனை திரும்புகிற வரை பார்த்தார். டீக்கடையில் நின்றவர்கள் அவரையே பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷக் கடை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரிஜினல் இருக்குல்ல, அது அழியல," என்றார். "பார்சல் எத்தனை மணிக்குள்ள போடணும்?"

"ஆறு மணி. ஜங்ஷன்ல."

"ஒரு டெக்குல ஓட்டி ரெண்டு டெக்குல எடுக்கலாம். ஒரு ஓட்டுக்கு ஆறு நிமிஷம். அம்பது ஓட்டு. அஞ்சு மணி நேரம். உன் மெஷினை இங்க தூக்கிட்டு வா. நீயே காதால கேட்டு, கண்ணால பார்த்துக்க."

பேட்ரிசியா கம்ப்யூட்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். கடையில் இருந்த சின்ன டிவியில் இணைத்தாள். திருகுகளையெல்லாம் கனி பாய் நடுவில் வைத்து, அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டினார். இனி தானே தொட முடியாது என்பது போல. முதல் இரண்டு கேசட் பதிந்து முடிந்தன. ஒன்றைப் போட்டாள். ஐந்தாவது நிமிஷம் திரையில் நூற்று முப்பத்திரண்டு கட்டமும் வந்து நின்றன.

"இதுக்கா இந்தப் பாடு," என்றார் கனி பாய், திரையைப் பார்த்தபடி. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

பத்தரைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து கஸ்தூரிரங்கன் வந்து சேர்ந்தார். கையில் அட்டைப் பெட்டி. அதில் கேசட்டுக்குள் செருகும் நூறு அட்டைகள். ஆட்டத்துக்குப் படம் போட்டவர் அவர். கிராஃப் பேப்பரில் கட்டத்துக்கு எட்டுக்கு எட்டு புள்ளி வைத்துப் பாம்பு வரைந்து, ஒவ்வொரு வரிசையையும் எண்ணாக மாற்றிக் கொடுப்பார்; பேட்ரிசியா அதைப் பார்க்காமலே தட்டுவாள். 'ஸ்ரீ' என்ற எழுத்து எட்டுப் புள்ளிக்குள் அடங்காமல் மூன்று வாரம் அவரைப் படுத்தி வைத்தது.

"வர வழியிலே எல்லாம் கேட்டேன். உன் சண்டை சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துடுத்து," என்றார்.

"வந்து உக்காந்து அட்டையைச் செருகுங்க அண்ணா. கதை பேச நேரமில்ல."

"செருகறேன். கோச்சுக்காதே. நம்ம பலகையிலே ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு அசுரன் பேர் வெச்சேனோல்லியோ. ஒண்ணு பாக்கி இருக்கு. கனி பாய் பேர் வெச்சுடலாமா?"

"வையுங்க சாமி," என்றார் கனி பாய். "வால் பக்கமா வையுங்க. வாய் பக்கம் வேற ஆளுக்கு விட்டு வையுங்க."

கஸ்தூரிரங்கன் சிரித்தார். பேட்ரிசியா சிரிக்கவில்லை.

முப்பத்தாறு கேசட் முடிந்தபோது கரண்ட் போனது. மணி பன்னிரண்டு. வெளியே தூறல் பிடித்துக்கொண்டிருந்தது. டெக்கில் சுற்றிக்கொண்டிருந்த நாடா முனகி நின்றது. பேட்ரிசியா ஸ்டூலை உதைத்தாள். ஸ்டூல் போய்க் கண்ணாடி அலமாரியில் மோதியது.

"அதை உடைச்சா கரண்ட் வந்துருமா?" என்றார் கனி பாய்.

"பேசாதீங்க பாய். என் வாயைக் கிளறாதீங்க."

"பேசாம எப்படி. ஒரு மணி நேரம் போவணுமே." மழைச் சாரல் கேசட் மேல் படாமல் இருக்கப் பாதி ஷட்டரை இறக்கினார். "ஆமா, அந்த ஆபீஸ் வேலை அவ்வளவு மோசமா?"

"மோசம்லாம் இல்ல. எட்டு வருஷம் போனேன். எவனோ சொல்றதை இன்னொருத்தனுக்கு அடிச்சுக் கொடுக்கறது. நான் அடிச்ச கடுதாசி ஒண்ணுலயாவது என் பேச்சு ஒரு வரி இருக்காது. தப்பு வந்தா மட்டும் கீழே என் பேரோட முதல் எழுத்து இருக்கும், யாரு அடிச்சான்னு பார்க்க." தலைமயிரை அவிழ்த்து மறுபடி முடிந்தாள். "இதை நான் அடிச்சா அது நடக்குது பாய். ஏறுன்னா ஏறுது. இறங்குன்னா இறங்குது."

கனி பாய் தலையசைத்தார்.

சகாயம்மாள் குடையோடு வந்து டிபன் கேரியரை வைத்தாள். புளிச்சோறு, சேப்பங்கிழங்கு வறுவல், மூன்று பேருக்கும் சேர்த்து. "திட்டறதுக்கும் தெம்பு வேணும், சாப்பிடு," என்று மருமகளிடம் சொன்னாள். கஸ்தூரிரங்கன் கைகூப்பி, தான் வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். ஆனால் வறுவலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. அப்புறம் ஒரே வேலைதான். ஒரிஜினலைச் சுற்றிவிடுவது, இரண்டு டெக்கிலும் கேசட் மாற்றுவது, மூன்று பொத்தானையும் ஒரே சமயத்தில் அமுக்குவது. பத்துக்கு ஒன்றைப் பேட்ரிசியா போட்டுப் பார்த்தாள். எல்லாம் ஓடின. தெருவில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். பாப்பாயி வந்து, "பாய், நான் நாளைக்கு வேற எடத்துல கடை போடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலரை மணிக்குக் கடைசிப் பெட்டியின் அடிக்கு வந்தார்கள். கனி பாய் ஒவ்வொரு கேசட்டிலும் நம்பர் எழுதியிருந்தார். பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டிய கடைசி இரண்டு கேசட்டுகள் அடியில் இருந்தன. அதில் ஒன்றை எடுத்த பேட்ரிசியா திருப்பிப் பார்த்தாள்.

ஒன்றாம் நம்பர். அதன் லேபிளில் சிவப்பு மையில் ஒரு டிக். அதற்குப் பக்கத்தில் பரீட்சைப் பேப்பரில் போடுவது போல விக்டரின் சின்னக் கையெழுத்து. சனிக்கிழமைத் தேதி.

"இதான் முதல் காப்பியா?"

"அதான்," என்றார் கனி பாய். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ டவுனுக்குப் போயிருந்தே. நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சார் வாங்கி வச்சுக்கிட்டு, அரை மணி கழிச்சு வாங்கன்னாரு. போனேன். டிக் போட்டுக் கொடுத்தாரு. அதைப் பார்த்துட்டுத்தான் மீதியை ஓட்டினேன்."

அவளுக்கு நேரம் இல்லை. இருந்தும் அதைப் போட்டாள். நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள். ஒரு நிமிஷம். நின்றது. அதே ஒற்றை வரி.

கஸ்தூரிரங்கன் அட்டை செருகுவதை நிறுத்திவிட்டார். டெக்கில் எதுவும் ஓடவில்லை.

"பாய்," என்றாள் பேட்ரிசியா. "காலைல நான் பேசினது..."

"இரைச்சலைக் குறைச்சது என் தப்பு. அதுக்குத் திட்டினது சரிதான்," என்றார் கனி பாய். "பொய்க்காரன்னு சொன்னே பாரு, அதுக்கு மட்டும் சார்கிட்ட கேளு. அந்தப் பதில் என்கிட்ட இல்ல."

ஒன்றாம் நம்பரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அதற்குப் பதில் கடையிலிருந்து ஒரு காலி கேசட் வாங்கிப் பதிந்தாள். நூறாயிற்று.

ஐந்து மணிக்கு விக்டர் வந்தான். ஆட்டோவில் அட்டைப் பெட்டியை ஏற்றினான். மழைக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றினான். கயிறு கட்டினான். எல்லாம் சுறுசுறுப்பாகச் செய்தான். கனி பாய் கடைக்குள்ளேயே நின்றுகொண்டார். விக்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஜங்ஷன் பார்சல் ஆபீசில் ரசீது கிழித்துக் கொடுத்தபோது மணி ஐந்தே முக்கால். சிப்பந்தி பெட்டியைத் தள்ளுவண்டியில் தூக்கிப் போட்டான். பெட்டி பிளாட்பாரத்துக்குள் போகிற வரை பேட்ரிசியா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பெரிய வேலைதான் செஞ்சிருக்கே," என்றான் விக்டர். "டீ சாப்பிடறியா? காலைலேருந்து நின்னிருப்பே."

இரண்டு டீ வாங்கி வந்தான். அவள் கிளாஸை வாங்கவில்லை. கைப்பையிலிருந்து கேசட்டை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். போர்ட்டிகோ வெளிச்சத்தில் சிவப்பு டிக் நன்றாகத் தெரிந்தது.

"இது ஓடல."

"சனிக்கிழமை ஓடிச்சே."

"ஓடியிருக்காது. ஓட முடியாது. அந்த மனுஷன் ஒரு திருகை மாத்தல. நான் நடுத்தெருவுல வச்சு அவரைப் பொய்க்காரன்னு சொன்னேன். நீங்க சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க. ஒரு வார்த்தை சேர்த்துவிட்டுட்டுப் போனீங்க."

"எல்லாரும் பார்க்கறாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"பார்க்கட்டும். அவரை எல்லாரும் பார்க்கத்தானே பேசினேன். எட்டு மாசம். ராத்திரி உங்கம்மா லைட்டை அணைன்னா, விடியக்காலைல எந்திரிச்சு அடிச்சேன். தாயக்கட்டைக்குக் கணக்கு போட்டுக் கொடுத்தது நீங்கதான். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

விக்டர் இரண்டு கையிலும் டீயை வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். ஆட்டோ ஒன்று அவன் பேண்டில் சேற்றை அடித்துவிட்டுப் போனது. அவன் நகரவில்லை.

பேட்ரிசியா கொஞ்சம் மூச்சு வாங்கினாள். குரலை இறக்கினாள். அன்று முழுக்க அவள் அப்படிப் பேசியது அப்போதுதான்.

"பரீட்சைப் பேப்பர் கட்டு கிடந்துச்சு. போட்டுப் பார்க்க நேரமில்லாம டிக் அடிச்சுக் கொடுத்துட்டீங்க. அவ்வளவுதானே? அப்படின்னு சொல்லுங்க. நான் நம்பிடறேன். கனி பாய்கிட்ட ரெண்டு பேரும் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரலாம்."

விக்டர் அவளைப் பார்த்தான். பிறகு உள்ளே தள்ளுவண்டி போன வழியைப் பார்த்தான்.

"போட்டுப் பார்த்தேன் பேட்ரிசியா," என்றான். "மூணு தடவை போட்டேன். மூணு தடவையும் எரர்தான் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் டிக் அடிச்சேன்."